தூதரகத்தில் ஒரு தாய்மாமன்

என் மகனுக்கு வெளிநாட்டுத் தூதரகத்தில் வேலை கிடைத்தபோது, அது என்ன மாதிரி வேலை என்று எங்கள் தெருவில் யாருக்கும் விளங்கவில்லை. எனக்கும்தான். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கப்பலூரில் ஒரு சின்ன கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டியவன் நான். டீக்கடையில் கேட்பார்கள், "கோட்டு மாட்டிக்கிட்டுக் கை குலுக்குற வேலையாண்ணே?" என்று. "ஆமாப்பா, அதுக்குத்தான் சம்பளம்" என்று சிரித்து வைப்பேன். முருகன் கொடுத்ததை நாம் ஏன் ஆராய வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

அவனுக்கு மூத்தவள் என் மகள். கே.கே. நகரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒன்றரை வயதாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கீழக்குயில்குடி மலையடியில் இருக்கிற அய்யனார். அங்கேதான் பிள்ளைக்கு மொட்டையெடுத்துக் காது குத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அது சீர்வரிசைக்கும் மேலான உரிமை. மடி கொடுக்காத மாமன் மாமனே இல்லை என்று பேசுகிற ஜனம் நாங்கள். "கண்டிப்பா வாரேன்க்கா, டிக்கெட் போட்டாச்சு" என்று மகன் சொன்ன பிறகுதான் தேதி குறித்தோம். பத்திரிகையும் கொடுத்து முடித்தாயிற்று.

அப்போதுதான் அவன் இருந்த நாட்டில் சண்டை மூண்டது.

டி.வி.யில் புகையைக் காட்டினார்கள். அவன் போன் வந்தது. "நல்லா இருக்கேன்ப்பா. ஆனா லீவ் கேன்சல். இங்க படிக்க வந்த பிள்ளைங்க நிறையப் பேரு மாட்டிக்கிட்டு இருக்காங்க. பஸ் புடிச்சு எல்லை தாண்டி அனுப்பணும்." அவ்வளவுதான், வைத்துவிட்டான்.

சம்பந்தியிடம் போய் விழாவைத் தள்ளிவைக்கலாமா என்று மெதுவாகக் கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "உங்க மகன் நாட்டுக்கே தூதுவரா இருக்கட்டும் சம்மந்தி. எம்பேத்திக்கு மாமன்தான? சாமிக்குக் குறிச்ச நாள மனுசன் மாத்தலாமா?" என்றார். மகளோ என்னிடம், "எனக்கு இருக்கறது ஒரே தம்பி. அவன் மடி இல்லாம என் பிள்ளைக்குக் காது குத்த விட மாட்டேன். நீங்களே அவன்கிட்ட பேசுங்கப்பா" என்றாள்.

பேசினேன். போன் கிடைத்தபோதெல்லாம் பேசினேன். "ஒரு நாளைக்கு வந்துட்டுப் போய்யா, அக்கா முகம் வாடிக் கெடக்கு" என்பேன். "பாக்குறேன்ப்பா" என்பான். காலையில் குளித்துத் திருநீறு பூசி, முருகா, என் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று கும்பிடுவேன். அந்த வாரம் முழுக்க வேறு வேண்டுதலே இல்லை எனக்கு.

ஒரு நாள் மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். திருமங்கலத்துப் பக்கம். யாரிடமோ விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். முன்பின் தெரியாதவர்.

"அண்ணே, உங்க மகன்தான அந்த நாட்டுல ஆபீசரு? எம்மக அங்க டாக்டருக்குப் படிக்குது. பேஸ்மெண்டுல ஒளிஞ்சிருக்குதுக. நேத்துத்தான் போன் எடுத்துச்சு. நம்ம மதுரக்காரரு ஒருத்தர் தெனமும் பேசுறாரும்மா, அவரு இருக்கங்காட்டித்தான் தைரியமா இருக்கோம்னு சொல்லுச்சு."

என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த அம்மா குடிக்காமல் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான்ணே வந்தேன். அவரு லீவுல கீவுல ஊருக்கு வந்துர மாட்டாருல்ல? பிள்ளைக வெளிய வார வரைக்கும் அவர அங்கயே இருக்க வைய்யி தாயேன்னு மீனாட்சிகிட்ட தெனமும் அழுதுக்கிட்டு இருக்கேன்."

நான் முருகனிடம் ஒன்று கேட்கிறேன். இந்த அம்மா மீனாட்சியிடம் அதற்கு நேர்மாறாகக் கேட்கிறார். தாயும் பிள்ளையுமாக இருக்கிற சாமிகள். யார் வேண்டுதலைக் கேட்பார்கள்? யோசிக்க யோசிக்க, விடை அவர்களிடம் இல்லை, என்னிடம்தான் கேட்கிறார்கள் என்று பட்டது. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான், "வர மாட்டான்மா. நீங்க தண்ணியக் குடிங்க" என்றேன்.

அன்று சாயங்காலமே மகனைக் கூப்பிட்டு, "நீ வர வேணாம்யா, நாங்க பாத்துக்குறோம்" என்றேன். "சரிப்பா" என்றான்.

என் அண்ணன் மகன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் காது குத்தினோம். அவனும் முறைக்கு மாமன்தான், தங்கமான பையன். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை வீறிட்டது. வளையம் மாட்டிச் சர்க்கரையை வாயில் வைத்தார்கள். மகள் எல்லாப் போட்டோவுக்கும் சிரித்தபடி நின்றாள். வீடு திரும்பும்போது காரில் ஜன்னல் பக்கம் திரும்பியவள் திரும்பியவள்தான். நான்தான் அவனை வர வேண்டாம் என்றேன் என்று சொல்லிப் பார்த்தேன். "தெரியும்ப்பா, அம்மா எல்லாம் சொன்னாங்க. அந்தம்மா மகளும் பிள்ளைதான். இருந்தாலும் எனக்கு வலிக்குது" என்றாள். தம்பியுடன் அவள் சரியாகப் பேசவில்லை. போனில் "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா" என்பதோடு சரி.

அவன் ஊருக்கு வர ஒரு வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பிள்ளைகளெல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டார்கள். திருமங்கலத்து அம்மா மகளைக் கூட்டிவந்து கும்பிட்டுவிட்டுப் போனார். மகன் மட்டும் இளைத்துக் கறுத்து, பெரிய ஆள் மாதிரி ஆகியிருந்தான். அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் அதிகம் பேச மாட்டான். ஒரு தடவை என்னிடம் சொன்னான், "பயந்து போன பிள்ளைங்ககிட்ட 'ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லக் கூடாதுப்பா. நமக்கே தெரியாதுல்ல. 'நான் கூடவே இருக்கேன்'னு மட்டும்தான் சொல்லலாம். அதச் சொல்லிட்டா இருக்கணும்." கை குலுக்குகிற வேலை என்று சிரித்தது ஞாபகம் வந்து எனக்குச் சங்கடமாக இருந்தது.

அக்கா மகளுக்கென்று ஜிமிக்கி வாங்கிக்கொண்டு கே.கே. நகர் போனான். நாங்களும் போனோம். சம்பந்தி வாசலிலேயே, "என்னா மாப்ள, சண்டைய நிறுத்திட்டு வந்துட்டீகளா?" என்றார். பிள்ளை பிளே ஸ்கூல் போகிறது, நன்றாகப் பேசுகிறது. இவனைப் பார்த்ததும் அம்மா பின்னால் போய் நின்றுகொண்டு, "ஹாய் அங்கிள்" என்றது.

எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். சிரித்து முடித்தபின் அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

பழைய வளையத்தைக் கழற்றி ஜிமிக்கியை அவனே மாட்ட வேண்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டது. "வலிக்காதுடி தங்கம்" என்று சம்பந்தியம்மா சொன்னார். என் மனைவியும் அதையே சொன்னாள். இவன் தரையில் உட்கார்ந்து, "கொஞ்சம் வலிக்கும். நான் பக்கத்துலயே இருப்பேன்" என்றான். பிள்ளை யோசித்தது. "எம்புட்டு?" என்று கேட்டது. அவன் விரலால் அதன் கையில் லேசாகக் கிள்ளி, "இம்புட்டு" என்றான். மறுபடியும் கேட்டது, மறுபடியும் கிள்ளிக் காட்டினான். காபி ஆறிப் போயிற்று. சம்பந்தி ஒரு தூக்கமே தூங்கி எழுந்துவிட்டார். அப்புறம் பிள்ளை தானாக வந்து மடியில் ஏறி ஒரு காதைக் காட்டியது.

ஒரு ஜிமிக்கி மாட்டியாயிற்று. அடுத்த காதுக்கு மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டது.

"என்னா மாப்ள, பாதியில நிக்குது?" என்றார் சம்பந்தி.

"பேச்சுவார்த்தை நடக்குது மாமா."

அன்று சாயங்காலம் அவன் சென்னைக்குக் கிளம்ப வேண்டும். ஒரு காது பாக்கி இருக்கும்போது எப்படிப் போவது என்று டிக்கெட்டை மாற்றினான். தண்ணீர் குடிக்க அடுப்படிப் பக்கம் போனேன். அங்கே மகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரகசியம் பேசிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் மாமா அந்தக் காதக் கேட்டா வேணாம்னு சொல்லணும். சரியா?"

"சரி. மாமா யாரும்மா?"

"அந்த அங்கிள்தாண்டி."