இரண்டாவது வாளி

புல்லுக்காரர் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. யார் புது வீடு கட்டினாலும், சுற்றிலும் மண் போட்டுப் புல் பதிப்பவர் அவர்தான். அவர் குடியிருப்பதோ பின்சந்தில், தரையோடு தரையாக ஒரு வீட்டில். மழை வந்தால் கட்டிலுக்குச் செங்கல் முட்டுக் கொடுக்க வேண்டும்.

சந்துக்கு முன்னால் எழும்பிய புது வீட்டுக்கு அடித்தளமே ஐந்தடி. அந்த உயரம் கண்ணை உறுத்தாமல் மண்ணை மேடாக்கிச் செடி வைக்க வேண்டும். சுவரோரம் ஒரு சொட்டு நிற்கக்கூடாது. தெருப்பக்கம் மேடு. தண்ணீர் ஓட வாட்டம் கொடுக்கப் பின்பக்கம்தான் மிச்சம். அது எங்கே போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? அவர் மாட்டேன் என்றால் அடுத்தவன் வந்து இதே வாட்டத்தைத்தான் கொடுப்பான். கொடுத்துத் தொலைத்தார்.

வேலை முடிந்ததும், வழக்கம்போல ஒரு வாளித் தண்ணீரைச் சுவரோரம் ஊற்றி அதன் பின்னாலேயே நடந்தார். அது எங்கும் தயங்கவில்லை. பின்மதிலின் துளையில் புகுந்து சந்தில் இறங்கியது. அந்தப் பக்கம் துடைப்பச் சத்தம் நின்றது.

"எந்தப் புண்ணியவான் வேலை இது? இப்பதான் வாசலைக் கூட்டினேன்!"

அவர் மனைவியின் குரல்.

"பிரமாதம்ணே!" என்றார் மேலே நின்ற புது வீட்டுக்காரர். "எதுக்கும் இன்னொரு வாளி ஊத்திப் பாத்துடுங்க."

ஊற்றினார். இந்த முறை தண்ணீரின் பின்னால் நடக்கவில்லை.