தாகத்தை மாற்றிய பேச்சு

கும்பகோணத்திலிருந்து ஹைதராபாத்துக்கு வந்த பத்மப்ரியா தார்நாகா பகுதியில் குடியிருந்தாள். வார நாட்களில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. சனி, ஞாயிறுகளில் ஒரு தெலுங்குத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் நடித்தாள். ஸ்டார்ட்அப்களைக் கிண்டல் செய்யும் தொடர் அது. தண்ணீர் குடிக்க நினைவூட்டும் செயலி ஒன்றைச் செய்துவிட்டு, உலகத்தையே மாற்றியதாக நினைக்கும் முதலாளியம்மா வேடம் அவளுக்கு.

முதல் பகுதி ஒளிபரப்பான மறுநாள் அலுவலக மேலாளர் ஃபெலிக்ஸ் கூப்பிட்டார்.

"'நாம செயலி விக்கல, மனுஷனோட தாகத்தையே மாத்துறோம்'னு பேசினியேம்மா, பிரமாதம். வெள்ளிக்கிழமை கூட்டத்துல நம்ம ஆளுங்களுக்கும் அதே மாதிரி பேசேன்."

"சார், அது கிண்டலுக்கு எழுதினது."

"இருக்கட்டும். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு."

மறுக்க முடியாமல் பேசினாள். யாரும் சிரிக்கவில்லை. புதிதாகச் சேர்ந்திருந்த யூசுப் அருகில் வந்து, "வேலையை விட்டுடலாம்னு இருந்தேன் மேடம். இப்போ இருக்கலாம்னு தோணுது" என்றான். அவள் தலையசைத்தாள்.

சனிக்கிழமை படப்பிடிப்பில் அவளுக்கு நக்கல் குரல் வரவில்லை. யூசுப்பின் முகமே முன்னால் நின்றது. அவனுக்குச் சொல்வதுபோல வசனத்தை நிதானமாக, நம்பிக்கையோடு பேசினாள். கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இனிமே இப்படியே பேசுங்க" என்று இயக்குநர் தெலுங்கில் சொன்னார்.

திங்கட்கிழமை மதியம் அவள் யூசுப்பின் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"ஏன் வேலையை விடணும்னு நினைச்சீங்க?" என்று கேட்டாள்.

அவன் மடிக்கணினியை மூடிவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான்.