முந்நூற்றுப் பதினாறு கட்டுரைகள் இறங்கிய பாறை

திங்கட்கிழமை காலை ஒன்பதரை. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய பதிப்பகத்தின் ஜர்னல் ஒன்றுகூடத் திறக்கவில்லை. மின்னிதழ்ப் பிரிவுக்குப் பொறுப்பு நான். என் மேசைத் தொலைபேசி மூச்சுவிடாமல் அடித்தது. வேதியியல் பேராசிரியர் மட்டும் மூன்று தடவை.

"இன்னாம்மா, சந்தா கட்ட மறந்துட்டீங்களா? மத்தியானத்துக்குள்ள நான் ரிவியூ அனுப்பணும்!"

சந்தா கட்டியிருந்தோம். காரணம் பதிப்பகம் எனக்கு அனுப்பிய மெயிலில் கிடந்தது. எங்கள் பயனர் ஒருவர் ஞாயிறன்று ஒரே இதழின் பழைய தொகுதிகளை வரிசையாக இறக்கியிருக்கிறாராம். ரோபோ வேலைபோல் தெரிகிறதாம். விளக்கம் வரும்வரை நிறுத்தமாம். வளாகத்தில் இருப்பவர்களும் வெளியூரிலிருந்து படிப்பவர்களும் எங்களுடைய ஒரே ஐபி முகவரி வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். ஒருவர் கை நீண்டால் கதவு எல்லாருக்கும் சாத்தப்படும்.

யார் எப்போது எதை இறக்கினார் என்று காட்டும் லாகை எடுத்துப் பார்த்தேன். காலை ஒன்பது முதல் மாலை நான்குவரை முந்நூற்றுப் பதினாறு கட்டுரைகள். எல்லாம் ரேவதியின் லாகினில். மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் பள்ளி ஆசிரியை, பகுதிநேர ஆய்வாளர். சேமித்த புளியைத் துளைக்கும் வண்டுதான் அவருடைய ஆய்வு.

தலைமை நூலகர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "லாகின யாருக்கோ குடுத்திருக்கு. இத விக்கிறதுக்கே ஒரு கும்பல் இருக்குதும்மா. கட் பண்ணு. ஆய்வுப் பதிவ ரத்து பண்ணச் சொல்லி டீனுக்கு நான் எழுதறேன்."

"ஒரு நாள் குடுங்க சார். கேட்டுட்டு வர்றேன்."

"போன்ல கேளேன்."

"கிடைக்கல சார்."

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும். அதுக்கு மேல எங்கிட்ட வராத."

மறுநாள் முதல் பஸ்ஸில் மலையேறினேன். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. இறங்கி ஜீப்புக்கு மாறியதும் டிரைவர் என் மடியிலிருந்த ஃபைலைப் பார்த்தார்.

"ரேவதி டீச்சரா? லீவு நாள்னா பாறை வளைவுல லேப்டாப்போட குந்திக்கினு இருக்கும். அங்கதான் சிக்னலு. இன்னிக்கி இஸ்கூல்ல. ஏம்மா, டீச்சர் மேல கேஸா?"

"ஏங்க அப்படிக் கேக்கறீங்க?"

"கீழேர்ந்து ஃபைலோட யார்னா வந்தா கேஸுதாம்மா."

மதிய இடைவேளையில் ரேவதி வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கையில் பிடித்திருந்த சோற்று டப்பாவை அவர் திறக்கவே இல்லை.

"லாகின யாருக்காவது குடுத்தீங்களா?"

"சத்தியமா இல்லீங்க மேடம். மலைக்கு ஜீப்பு வந்தா உப்பு, சோப்பு எல்லாம் ஒரேயடியா ஏத்திக்குவோம். மறுக்கா எப்ப வருமோ, இன்னாவோ. சிக்னலும் அப்படித்தான். வூட்ல வெச்சிப் பொறுமையா தேடிக்கலாம்னு மொத்தமா எடுத்துக்கினேன்." தோள்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, "நீங்கதான மேடம் க்ளாஸ்ல சொன்னீங்க? எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்குங்க, எல்லாம் உங்களுக்குத்தான்னு? நோட்ல எழுதி வெச்சிருக்கேன்."

பக்கத்தை விரித்துக் காட்டினார். என் வாக்கியம், என் பெயருக்குக் கீழே, அழகான ஆசிரியைக் கையெழுத்தில்.

ஒவ்வொரு அறிமுக வகுப்பிலும் அதைச் சொல்வேன். கைதட்டுவார்கள். ஒரே மூச்சில் இத்தனை இறக்கக் கூடாது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அவர் லேப்டாப்பை எடுத்துக்கொள்ள, இருவரும் பாறை வளைவுக்குப் போனோம். எடுத்ததை எல்லாம் அழித்தால்தான் பதிப்பகம் விளக்கத்தையே ஏற்கும் என்றேன். "அத்தினியுமா?" என்றார். கட்டுரைகளை மடித்துவைத்த துணிபோல் ஆண்டுவாரியாக அடுக்கியிருந்தார். தலைப்புகளை மட்டும் தனியே ஒரு பட்டியலாக எடுத்துக்கொண்டோம். "வேணும்ங்கிறத எழுதி அனுப்புங்க. வாரா வாரம் முறைப்படி நானே எடுத்துத் தர்றேன்" என்றேன். அழித்தார். லேப்டாப்பின் குப்பைக்கூடையையும் காலி செய்துவிட்டு, மணியடிக்குமுன் பள்ளிக்கு ஓடினார்.

நான் அங்கேயே உட்கார்ந்து பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினேன். அவர் ஏன் எடுத்தார் என்று இரண்டு பத்தி. மூன்றாவதில், வரம்பைச் சொல்லித்தராதது நூலகத்தின் தவறு, வகுப்பெடுத்தது நான். நகல் தலைமை நூலகருக்கு. உடனே போனில் கூப்பிட்டார்.

"நம்ம தலையில நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கணுமா?"

"உண்மை அதானே சார்?"

வைத்துவிட்டார். மேகம் பாறையைக் கடந்துபோனது, திரும்பி வந்தது. மெயிலைத் திறந்தேன், மூடினேன், நூறு தடவையாவது இருக்கும். மூன்று மணிக்கு மறுபடி அவர் குரல்.

"தொறந்துட்டான்மா! கெமிஸ்ட்ரிக்காரரு ஸ்வீட்டு வாங்கித் தர்றாராம், நம்பாத."

"சார், ரேவதியோட பதிவு?"

"இன்னா பதிவு? டீனுக்கு நான் எங்க எழுதினேன்? பஸ்ஸப் புடிச்சி வந்து சேரு."

நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. பள்ளிக்கு ஏறக்குறைய ஓடினேன். ரேவதி கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வாசலில் என்னைக் கண்டதும் சாக்பீஸ் நின்றது.

"தொறந்துடுச்சி" என்றேன்.

"எனக்கு?"

"உங்களுக்கும்."

சட்டென்று பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். விட்ட இடம் தெரியாமல் பலகையில் தேடினார். "டீச்சர், ஏழாவது கணக்கு" என்றது முன் பெஞ்ச்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். லாகில் ஓர் எண் பயமுறுத்தினால், லாகினை வெட்டுமுன் அந்த ஆளைக் கேளுங்கள். போன் கிடைக்காவிட்டால் பஸ் ஏறுங்கள். போய்ச் சேர்ந்தபின் பார்த்தால், தவறு உங்களுடையதாகவும் இருக்கலாம். இருந்தால், அதையும் கடிதத்தில் எழுதுங்கள்.