எதிராளிக்குப் போட்ட சாமைச் சோறு

என் வீட்டுக்காரர் வாழ்நாளில் கொடுத்தது ஒரே ஒரு போலீஸ் புகார். அதைக் கெடுத்தது நான் ஆக்கிய சோறு. ஊரில் யாரிடம் சொன்னாலும், "சோறு இன்னா பண்ணும், பாவம்" என்பார்கள். சோறு ஒன்றும் பண்ணவில்லை. தின்றவர் பண்ணினார்.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் வீடு மலைமேல் நெல்லிவாசல்நாட்டில். நான் திருப்பத்தூரில் விடுதியில் தங்கி எட்டாவது வரை படித்திருந்தேன். அதனாலேயே எனக்குச் சட்டமெல்லாம் தெரியும் என்று ஊர் நம்பியது. நானும் மறுக்கவில்லை.

புளியை அடிவாரத்துச் சந்தையில்தான் விற்போம். சந்தை முனையில் ஒரு டீக்கடை. கீழ்நாட்டுக்காரர்களுக்குக் கண்ணாடி டம்ளர், உட்காரப் பெஞ்சு. மலையிலிருந்து வருகிறவர்களுக்கு அலுமினிய டம்ளர், நிற்க மரத்தடி. அன்று நானும் கூடப் போயிருந்தேன். என் வீட்டுக்காரருக்குக் காலில் முள் ஏறியிருந்தது. மூட்டையை இறக்கியவர் யோசிக்காமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் தோளைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பெஞ்சைக் கழுவினார். "மலைக்காரனுக்குப் பெஞ்சு கேக்குதா?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் மூட்டையைத் தேடினார்.

"வுடு, போலாம்" என்றார்.

"நான் வுட மாட்டேன்" என்று அவரை எதிரே இருந்த ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனேன்.

அங்கே இருந்த ஏட்டு, "அடி பட்டுச்சா? ரத்தம் வந்துச்சா?" என்று கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்றோம். "அப்ப இன்னாத்துக்கு வந்தீங்க?" என்றார். தீண்டாமை குற்றம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறதே என்றேன். ஏட்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஏம்மா, அவன் தோளைப் புடிச்சுத்தான தள்ளினான்? தொட்டான் இல்ல? அப்புறம் இன்னா தீண்டாமை?"

இதைச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த போலீஸ்காரரைப் பெருமையாகப் பார்த்தார். அடுத்து, மலை வேறு ஸ்டேஷன் எல்லை என்று ஒரு கதையை எடுத்தார். அதுவரை வாய் திறக்காத என் வீட்டுக்காரர், "விழுந்தது கீழதாங்க" என்றார். அன்று அவர் சொன்ன உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

நல்லவேளையாக சப் இன்ஸ்பெக்டர் வந்தார். வயசு குறைவு, வேலைக்குப் புதுசு. பொறுமையாகக் கேட்டுப் புகாரை எழுதிக்கொண்டார். ஆனால் சந்தையில் விசாரித்தால் எவரும் எதையும் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொன்னவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே. "அப்போ நான் மேல வர்றேன். அந்தாளையும் கூட்டிட்டு வந்து நேருக்கு நேர் விசாரிக்கிறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கே போலீஸ் வருகிறது, அதுவும் எங்கள் பக்கம் பேச வருகிறது.

வந்தார்கள். பாதி வழியோடு ரோடு முடிந்ததால் ஜீப் அங்கேயே நின்றது, மீதிக்கு நடை. எங்கள் ஊருக்குள் யாரும் செருப்போடு வரக் கூடாது. சப் இன்ஸ்பெக்டர் மறுபேச்சில்லாமல் பூட்ஸைக் கழற்றினார். ஏட்டுதான் வெயிலில் காய்ந்த கல் மேல் ஒவ்வொரு காலாக மாற்றி வைத்துக்கொண்டு, இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று முணுமுணுத்தபடி வந்தார். கடைக்காரரும் வெறுங்காலோடு பின்னால் வந்தார். உச்சி வெயில். எல்லாருக்கும் பசி முகத்தில் தெரிந்தது.

"சோறு போடு" என்றார் என் வீட்டுக்காரர்.

"அந்தாளுக்குமா?"

"வூட்டுக்கு வந்தவரு."

"உன்னைத் தள்ளினவருய்யா."

"பசியோட வந்திருக்காரு, போடு."

எங்கள் பக்கத்தில் சாப்பாட்டுக்குப் பிறகுதான் எந்தப் பேச்சும். கரண்டியால் சட்டியை நாலு தட்டுத் தட்டினேன். குழம்பில் ஒரு பிடி உப்பு அள்ளிப் போடலாமா என்றுகூட நினைத்தேன், கை வரவில்லை. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டேன். கடைக்காரர் என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். "காரம் சரியா இருக்கு" என்றும் சொன்னார்.

பிறகு விசாரணை. இங்கேதான் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் கையால் சாப்பிட்டவரைப் பற்றி அன்று பொழுது சாயும்வரை நம் வாயிலிருந்து குறை வரக் கூடாது.

"இவரு உங்களைத் தள்ளினாரா?" என்று கேட்டார் சப் இன்ஸ்பெக்டர்.

"நல்லா சாப்ட்டாருங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் அதைக் கேக்கலை."

"மோர் கூட வாங்கிக் குடிச்சாருங்க."

சாட்சிகளைக் கூப்பிட்டார்கள். ஊரில் சாப்பிட்டவர் என்பதால் அவர்களும் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் மட்டும் இந்த வருஷம் மழை பரவாயில்லை என்றார். எனக்குத் தாங்கவில்லை, "தள்ளினாருங்க, நான் பாத்தேன்" என்றேன். நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி ஊரே திரும்பிப் பார்த்தது.

"பட்டவரே நல்லவருங்கிறாரு, உனக்கு இன்னாம்மா?" என்றார் ஏட்டு.

"நாளைக்கிச் சொல்றேன் சாமி. இன்னிக்கிச் சொல்லக் கூடாது" என்று என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். அவர் பயப்படுகிறார் என்று சப் இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனோம். என் வீட்டுக்காரர் மடை திறந்த மாதிரி பேசினார். தோளில் எந்த இடத்தில் பிடித்தார், எப்படித் தள்ளினார், எத்தனை பேர் சிரித்தார்கள், ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சப் இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு முந்தின நாளே எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினார். எதிராளி புகார்தாரர் வீட்டில், அவருடனேயே பாயில் அமர்ந்து, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை அதிகாரி நேரில் கண்டார். ஆகவே எதிராளி தீண்டாமை பார்க்கிறவர் அல்ல. புகார் முடிக்கப்பட்டது.

"அவரு எங்க வூட்ல சாப்ட்டாருங்க" என்றேன். "நாங்க அவரு கடையில குந்தலாமான்னுதான கேட்டோம்?"

சப் இன்ஸ்பெக்டர் சங்கடப்பட்டார். "கோர்ட்டுல இது நிக்காதும்மா" என்றார். பிறகு, "போகும்போது அங்க டீ குடிச்சிட்டுப் போங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். எங்களுக்குக் கிடைத்த தீர்ப்பு அதுதான்.

கடைக்காரருக்கு எங்களைப் பார்த்து உண்மையிலேயே சந்தோஷம். "வாண்ணே, வாங்க அண்ணி. மொச்சைக் குழம்பைப் பத்தி வூட்ல சொல்லிட்டே இருந்தேன்" என்றார். சொல்லிக்கொண்டே இரண்டு அலுமினிய டம்ளரை எடுத்து மரத்தடிப் பக்கம் கையைக் காட்டினார்.

"நேத்து எங்க பாயில குந்தினீங்களே" என்றார் என் வீட்டுக்காரர்.

"அது உங்க வூடுண்ணே. இது கடை. நாலு பேரு வர்ற எடம்."

அந்தக் குரலில் வெறுப்பே இல்லை. கூடப் பிறந்தவனுக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி சொன்னார். அவர் தள்ளியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இதைக் கேட்டபோது அழுகை வந்தது.

என் வீட்டுக்காரர் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைக்காரர் ஓடி வந்து அவர் தோளுக்குக் கையை நீட்டினார். கை பாதியிலேயே நின்றுவிட்டது. தடுத்தது எங்கள் சோறா, எதிரே இருந்த ஸ்டேஷனா, எனக்குத் தெரியாது.

"எழுந்திருண்ணே" என்றார், கெஞ்சுகிற குரலில்.

"பஸ் வரட்டும்" என்றார் என் வீட்டுக்காரர்.

எங்களுக்கு டீ வரவில்லை. டீ குடிக்க வந்தவர்கள் எங்களோடு பெஞ்சில் உட்கார மனமில்லாமல் மரத்தடியில் போய் நின்று குடித்தார்கள். அன்று பஸ் ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தது.