மாவ்பி வயலில் ஒரு சின்ன வண்டி

என் அக்கா, எங்கள் பேச்சில் லாத்தா, தஸ்லீமாவைக் கட்டிய சாதிக் பாட்சாவைப் போல ஒரு பயந்த மனிதரை நான் ரங்கூனில் பார்த்ததில்லை. கொதித்த தண்ணீரை ஆறவைத்து மறுபடியும் கொதிக்கவைப்பார். குக்கர் விசில் அடித்தால் சமையலறையில் இருப்பவர்களை எல்லாம் வெளியே கூப்பிட்டுவிடுவார். தெருமுனையில் நாய் படுத்திருந்தால் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு வருவார். இப்படிப்பட்டவர் மனதில் படைத்தவன் எந்த ஆசையைப் போட்டான் என்கிறீர்கள்? மோட்டார் சைக்கிள் ஆசையை.

எண்பத்தெட்டில் ஊர் கலங்கிக் கல்லூரிகளை மூடியபோது அவர் மாணவர். திறக்கும்வரை கடையில் உட்காரு என்று அவருடைய வாப்பா தின்கன்ஜூன் பேட்டையில் இருந்த பிளாஸ்டிக் கடையில் உட்காரவைத்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. வாளி, குவளை, முறம், குழந்தைகளுக்கான குளியல் தொட்டி என்று ஆளை மறைக்கும் அளவுக்குச் சாமான்களைத் தொங்கவிட்டு நடுவில் இருப்பார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பழைய பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த கறுப்பு வாளியைக் குடிதண்ணீருக்கு என்று யார் கேட்டாலும் விற்க மாட்டார். "செடிக்கு ஊத்துறதுக்குன்னா எடுத்துக்குங்க. குடிக்கிறதுக்குன்னா தர மாட்டேன்" என்பார். அப்படி ஒரு சட்டத்தை எங்கள் ஊரில் யாரும் போட்டதாக எனக்குத் தெரியாது. மச்சானாகவே போட்டுக்கொண்டது. வியாபாரம் போகிறதே என்று லாத்தா தலையில் அடித்துக்கொள்வாள்.

கடை வருமானத்தில் அவர் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் ஒரு பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள். சிவப்பு டாங்க், கறுப்பு ரெக்சின் இருக்கை. அந்த இருக்கையில் ஈ உட்கார்ந்தாலும் துடைப்பார். லாத்தாவைக் கூட ஏற்றுவதற்கு முன்னால் ஒரு துணியை விரிப்பார். ஓட்டுவது மட்டும் மாட்டுவண்டி வேகம். பிறகு ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிளே ஓடக்கூடாது என்று தடை வந்தது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள், ஒன்றையும் நம்ப முடியவில்லை. பலர் வந்த விலைக்கு விற்றார்கள். மச்சான் விற்கவில்லை. ஒரு லாரியில் ஏற்றி வடக்கே மாவ்பிக்குக் கொண்டுபோய், தன்னிடம் மொத்தமாக வாளி வாங்கும் அரிசி ஆலைக்காரர் ஊ சோ தெய்னின் கொட்டகையில் நிறுத்தினார். தடை அங்கே எட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆட்களை ஏற்றிப்போகும் லைன் கார் பிடித்துப் போய், வண்டியைத் துடைத்து, வயல் பாதையில் கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி துடைத்துப் போர்த்திவிட்டு வருவார்.

அவர்களுடைய ஒரே மகள் ஜஸீலாவுக்கு ஏழு வயதானபோதுதான் சின்ன வண்டி வந்தது. மச்சானின் சித்தப்பா மகன் ஷாஹுல் சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தான். யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன, குழந்தைகள் மண்ணில் ஓட்டுகிற மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்துக் கட்டி, கப்பலில் வேலை செய்யும் நண்பன் மூலம் அனுப்பிவைத்தான். மாவ்பியில் வைத்துப் பூட்டிப் பார்த்தால் அது ஒரு கொழுத்த ஆட்டின் உயரம்கூட இல்லை. ஜஸீலா ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன.

அறுவடை முடிந்த வயல்தான் மைதானம். கார்த்திகையிலிருந்து மழை வரும்வரை காய்ந்து கிடக்கும் தாளும் வரப்பும் அவள் பாதை. அந்த வண்டியில் ஒரு கயிறு உண்டு; அதை இழுத்தால் இன்ஜின் நின்றுவிடும். ஓட்டும் பிள்ளையின் கையில் கட்டவேண்டிய கயிறு அது, விழுந்தால் வண்டி தானாக நிற்க. மச்சான் என்ன செய்தார்? அதோடு ஒரு நீளமான நைலான் கயிற்றை முடிந்து தன் கையில் பிடித்துக்கொண்டார். கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தொந்தி குலுங்க, வண்டிக்குப் பின்னால் ஓடுவார். ஒரு பள்ளம் வந்தால் இழுப்பார், நிற்கும். ஒரு கொக்கு பறந்தால் இழுப்பார், நிற்கும். ஜஸீலா திரும்பிப் பார்த்துக் கத்துவாள்: "வாப்பா! கொக்கு என்ன செய்யும்?" ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். நானும் மீன்குழம்பு ஊற்றிய மொய்ங்கா கிண்ணத்தோடு கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைவிட நல்ல வேலை எனக்கு இருந்ததில்லை.

கயிறு மட்டும் போதாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய், காரீயத் தகட்டில் காவலுக்கு இஸ்மு எழுதிச் சுருட்டி வாங்கி, கறுப்புக் கயிற்றில் கோத்து மகள் கழுத்தில் போட்டிருந்தார். அதைப் போட்டபிறகுதான் வண்டியைத் தொடவேண்டும் என்பது ஏற்பாடு. ஜஸீலா வேகம் எடுக்கும்போது அதை எட்டிப் பல்லால் கவ்விக்கொள்வாள். பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிற தைரியம் போலிருக்கிறது.

இரண்டாயிரத்து ஒன்பது பிறந்து கொஞ்ச நாளில் சின்ன வண்டியின் கிளட்ச் தேய்ந்துவிட்டது. மச்சான் ஷாஹுலுக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். அண்ணன்முறை என்பதால் மச்சானைக் காக்கா என்று கூப்பிடுவான்; அவன் கத்திப் பேசியது எனக்கும் கேட்டது.

"காக்கா, இப்ப கெடைக்காது. நான் சாமான் வாங்குற ஆளு அமெரிக்காலேர்ந்து எடுக்குறவரு. அங்க புதுச் சட்டம் வந்திருக்காம். பன்னெண்டு வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்க சாமான்ல காரீயம் அளவுக்கு மேல இருக்கக்கூடாதாம். இந்தச் சின்ன வண்டியில பிரேக் பிடி, பேட்டரி முனை, டயர் வால்வு எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்குதாம். கடைக்காரங்க விக்காம ஓரங்கட்டிட்டாங்களாம்."

"காரீயம் புள்ளைய என்ன செய்யும்?"

"வயித்துக்குள்ள போனா மூளைக்குக் கேடாம். அதுக்காக வண்டிய யாரு காக்கா திங்கப்போறா? எல்லாரும் சிரிக்கிறாங்க."

மச்சான் சிரிக்கவில்லை. போனை வைத்தவர் முகம் அவித்த கத்தரிக்காயாகிவிட்டது. "சட்டம் போடுறவன் சும்மா போடுவானா நியாஸ்? நான் குடிதண்ணிக்குக் கறுப்பு வாளி விக்கிறதில்லையே, அதுக்கும்தான் ஆளுங்க சிரிக்கிறாங்க" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதீர்கள் மச்சான் என்றேன். அவர் காதில் விழுந்தால்தானே!

அடுத்த ஞாயிறு சின்ன வண்டிக்குத் தடை. ஜஸீலாவிடம், "வண்டிக்கு உடம்பு சரியில்லைம்மா" என்றார். அவளுக்கு ஒன்பது வயது. வண்டிக்குக் காய்ச்சலா என்று கேட்டுவிட்டு உம்மென்று உட்கார்ந்துவிட்டாள். மச்சான் ஆலைக்குப் பின்னால் வாளி நிறையச் சோப்புத் தண்ணீர் கலக்கி, சின்ன வண்டியின் பிடிகளையும் வால்வு மூடிகளையும் கழற்றிப்போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். உலோகத்துக்குள் இருப்பதைச் சோப்பு என்ன செய்யும்? கரியைக் கழுவி வெள்ளையாக்குகிற கதைதான். ஆனால் சும்மா இருக்க அவரால் ஆகவில்லை.

அவர் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கொட்டகையில் அவருடைய பெரிய வண்டி உறுமியது.

நான் கட்டிலை விட்டு எழுவதற்குள் ஜஸீலா வயலில் இருந்தாள். மாவ்பிப் பிள்ளைகள் பெரியவர்கள் வண்டியை நின்றுகொண்டே ஓட்டுவதை அவள் பார்த்திருக்கிறாள். சாவி ஆணியில் தொங்கியது, எடுத்துவிட்டாள். ஓடுகிறவரை நன்றாகத்தான் ஓடியது. வரப்பு வந்ததும் நிறுத்தினாள். நிறுத்தினால் கால் ஊன்ற வேண்டுமே. கால் எட்டவில்லை. மரம் சாய்கிற மாதிரி வண்டி மெதுவாக அவள் பக்கம் சாய்ந்தது. இழுக்க எந்தக் கயிறும் இல்லாமல் மச்சான் சோப்புக் கையோடு ஓடினார்.

எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சூடான சைலன்சர் கெண்டைக்காலில் பட்டுச் சுட்டுவிட்டது. பக்கத்திலிருந்த மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நர்ஸ் மருந்து போடும்போது பிள்ளை கத்தவில்லை. கண்ணில் நீர் வழிய, கழுத்திலிருந்த தகட்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். "வாய்ல என்ன?" என்று நர்ஸ் பர்மியத்தில் கேட்டு, மெல்ல வெளியே எடுத்தாள். தகடு முழுக்கப் பல் தடம். ஒரு முனை மென்று மென்று தேய்ந்தே போயிருந்தது.

மச்சான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார்.

"நியாஸ்" என்றார். "இது காரீயம்டா."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. வண்டியில் இருந்ததைத் தேய்த்துத் தேய்த்து விரட்டிய மனிதர், அதே சாமானைத் தன் கையாலேயே பிள்ளை கழுத்தில் கட்டி, கால் எட்டுகிற வண்டியைப் பிடுங்கி, எட்டாத வண்டியில் ஏறும்படி விட்டிருக்கிறார். "நான்தான், எல்லாம் நான்தான்" என்று அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். ஜஸீலா எட்டி அவர் தலையைத் தடவி, "யாபாதே வாப்பா, யாபாதே" என்றாள். பர்மியத்தில் பரவாயில்லை என்று அர்த்தம். பிறகு ரத்தம் சோதித்துப் பார்த்ததில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஹஜ்ரத்தும் விஷயத்தைக் கேட்டு, காகிதத்தில் எழுதித் துணியில் தைத்துக் கொடுத்தார்.

ஆனால் லாத்தா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பிள்ளையின் காலைப் பார்த்தவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இனிமே என் மவ மோட்டார் சைக்கிள்ல ஏறுனா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சொன்னால் செய்கிறவள் அவள்.

மழைக்காலம் முழுக்க ஜஸீலா வண்டியைப் பற்றிப் பேசவில்லை. பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், ஓதினாள், சாப்பிட்டாள். சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து மழையைப் பார்ப்பாள். வாய் ஓயாத பிள்ளை அப்படி உட்காருவதை எங்களால் பார்க்க முடியவில்லை. லாத்தாவாலும்தான் முடியவில்லை, வெளியே சொல்ல மாட்டாள். மழை விட்டு அறுவடையும் முடிந்தது. கடைசியில் ஒருநாள் மச்சான் லாத்தாவிடம் துணிந்து பேசினார். சின்ன வண்டிக்குக் கிளட்ச் கிடைத்துவிட்டதாம், பிடிகளுக்கெல்லாம் சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டாராம், கால் நன்றாக ஊன்றுகிற வண்டிதானே என்றார். லாத்தா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்:

"அது போன வருசத்துக் காலுங்க. போயி அளந்து பாருங்க."

உண்மைதான். பிள்ளை கொடி மாதிரி வளர்ந்துவிட்டாள். சின்ன வண்டியில் உட்காரவைத்தால் முழங்கால் கைப்பிடியில் இடிக்கும். அதற்கு அடுத்த அளவு வண்டி ஒன்று உலகத்தில் எங்காவது இருக்கலாம்; ஷாஹுல் கையில் இல்லை, எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு வரும் வண்டியைத் தவிர எதுவும் இல்லை. மச்சான் அன்றிரவு சாப்பிடவில்லை.

அதன்பிறகு அவர் தனியாகவே மாவ்பிக்குப் போய்வந்தார். ஒருநாள் படுக்கை விரிப்பில் எதையோ சுற்றி மடியில் வைத்துக்கொண்டு லைன் காரில் வந்து இறங்கினார். பிரித்தால் அவருடைய வண்டியின் இருக்கை. பக்கத்துப் பேட்டையான தாகேதாவில் இருக்கை தைக்கிறவரிடம் கொண்டுபோய், உள்ளே இருந்த பஞ்சைப் பாதிக்கு மேல் வெட்டி எறியச் சொன்னார். தைக்கிறவர், பர்மிய மரியாதையோடு, "நல்ல இருக்கையாச்சே கோ சாதிக், வெட்டினா திரும்ப வராது" என்றாராம். "வெட்டுங்க" என்றாராம் இவர். வண்டியின் பின்பக்க ஷாக்கை எடுத்துவிட்டுக் குட்டையானதைப் போட்டார். சைலன்சரைச் சுற்றித் தகரத்தில் ஒரு மறைப்பு. ஆக்சிலேட்டர் கால்வாசிக்கு மேல் திரும்பாதபடி ஒரு திருகு. ஏறி உட்கார்ந்து பார்த்தாராம். அவர் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது. அவரால் இனி அதை ஓட்ட முடியாது. இதையெல்லாம் ஊ சோ தெய்ன்தான் எனக்குப் பிறகு சொன்னார்.

இரண்டாயிரத்துப் பத்தில், பொங்கலையொட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, லாத்தாவை முதல்முறையாக மாவ்பிக்கு அழைத்துப்போனோம். ஆலைக்கார அம்மா விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்று சொல்லித்தான். விருந்தும் இருந்தது. சாப்பிட்டு முடிந்ததும் மச்சான் கொட்டகைக்குப் போய் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து லாத்தாவுக்கு எதிரே நிறுத்தினார். ஜஸீலா அசையவில்லை. உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கை இரண்டும் பாவாடையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தன.

லாத்தா பிள்ளையைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தாள். கிட்டே போய், பலகை மாதிரி தட்டையாகிப்போன அந்த இருக்கையில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். புதுத் தையல் மேல் விரலை ஓட்டினாள்.

"இதுல நீங்க எப்படி உக்காருவீங்க?"

"எனக்கு எதுக்கு? எனக்கும் வயசாச்சு" என்றார் மச்சான். நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருக்கும்.

லாத்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபக்காரி, என் முன்னால் ஒருநாளும் அழாதவள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மகளை இடுப்பில் பிடித்துத் தானே தூக்கி வண்டியில் உட்காரவைத்தாள். குனிந்து, ஒவ்வொரு பாதமாகப் பிடித்துத் தரையில் அழுத்தி, குதிகால் வரை பதிகிறதா என்று பார்த்தாள்.

"மெதுவா போ" என்றாள்.