தொட்டியில் கல்

கூடலூரில் எனக்குக் கிடைத்த வேலை, கனமாக இருப்பது. வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள்.

அது சண்டைக் காலம். ஜெயமங்கலத்தில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எந்த ஊரிலும் நிலையாகத் தங்கியதில்லை. வடுகபட்டியில் மூட்டை தூக்கினேன். கொழும்பில் துறைமுகத்தில் தூக்கினேன். திரும்பி வந்து மலைச்சாலைக்கு ஜல்லி உடைத்தேன். ஜல்லி வேலை முடிந்து எல்லோரையும் போகச் சொன்ன வாரத்தில், ஏலத்தோட்டத்து முதலாளி ஒருவர் ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுக் கூடலூருக்கு இறங்கி வந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என்ன தெரியும் என்று கேட்கவில்லை. "நல்ல கனம்" என்று மட்டும் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடம் வாங்கியது. அதன் இடப்பக்கத்தில் தனிச் சக்கரத்தோடு ஒரு ஆள் உட்காரும் பெட்டி. சைடு கார் என்பார்கள். நாங்கள் தொட்டி என்போம். குமுளிக்கு மேலே இருந்த தோட்டத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே தபால், மருந்து, வியாபாரிகளுக்குக் காட்டும் ஏலக்காய்ச் சாம்பிள் எல்லாம் அந்தத் தொட்டியில்தான் போய் வந்தன. அவற்றுக்கெல்லாம் கனம் கிடையாது. தொட்டியில் கனம் இல்லாவிட்டால், இடப்பக்கம் திரும்பும் வளைவில் அதன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். வண்டி வலப்பக்கமாகச் சாயும். அதனால் உடைந்த ஆட்டுரல் ஒன்றைத் தொட்டிக்குள் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். குமுளி மலைப்பாதையில் அது போதவில்லை. ஆட்டுரல் தானாகச் சாயாது. வளைவு வரும்போது தொட்டிக்கு வெளியே இடப்பக்கம் உடம்பைத் தொங்கவிடும் ஒரு கனம் தேவைப்பட்டது. அதற்குத்தான் நான். ஆட்டுரலைத் தூக்கிக் கூடலூர் ஷெட்டின் மூலையில் வைத்துவிட்டு என்னை உட்கார வைத்தார்கள்.

வண்டி ஓட்டுகிறவன் என்னைவிட வயதில் இளையவன். பெரியகுளம் பக்கத்து வேதக்காரக் குடும்பம். பட்டாளத்தில் மோட்டார் சைக்கிளில் கடுதாசி கொண்டுபோகும் ரைடராக இருந்து, பர்மா எல்லையில் காய்ச்சல் கண்டு, இனி உதவாது என்று திருப்பி அனுப்பப்பட்டவன். விளக்குக்குக் கீழே ஒரு செபமாலையைச் சுற்றிக் கட்டியிருந்தான். அந்த வண்டியின் சீட்டில் வேறு யாரும் உட்காரக் கூடாது. துடைப்பதற்குக்கூட அவன் விடுவதில்லை. "கொள்ளி வைக்கிறவனும் பொண்டாட்டி கட்டுறவனும் வேற ஆள அனுப்புவானாண்ணே?" என்பான். இரண்டும் அவனுக்கு இல்லை. வண்டி மட்டும்தான் இருந்தது.

முதல் நாளே அவன் எனக்குப் பெயர் வைத்தான்.

"ஆட்டுரலு போயி நீ வந்திருக்க. இனிமே நீதான் கல்லு. நான் 'கல்லு'ன்னு கத்துனா இடப்பக்கம் சாயணும். ஏன் எதுக்குன்னு கேக்கப்படாது."

"கத்தாமலே சாயுறனே, வளைவு எனக்கும் தெரியுமுல்ல."

"தெரியும். தெரிஞ்ச கல்லுதான் தூங்கும்."

வயதில் மூத்தவன் என்பதால் வெறும் கல்லு என்று கூப்பிடாமல் கல்லண்ணே என்று கூப்பிட்டான். அதுவே நிலைத்துவிட்டது. கம்பத்துக் கடைக்காரர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவன் பேச்சில் பாதி பட்டாளத்து இங்கிலீஷ், பாதி அவனே வைத்த பெயர்கள். உதைத்து எஞ்சினைக் கிளப்பும் கம்பிக்குக் கிக்கர் என்று எல்லோரும் சொல்வதுதான். அது திருப்பி உதைத்தால் "கழுதை எந்திரிச்சிருச்சு" என்பான். கழுதை உதைத்துக் கணுக்கால் முறிந்தவர்களை அவன் பட்டாளத்தில் பார்த்திருக்கிறான். கைப்பிடியில் இருந்த சின்ன லீவருக்குக் காது என்று பெயர். அதைப் பின்னால் இழுத்து வைக்காமல் உதைத்தால்தான் கழுதை எழும். எஞ்சினுக்குள் அடைபட்ட காற்றை வெளியே விடும் லீவர், மூச்சு. பெட்ரோல் குழாயைத் திறப்பது பால் விடுவது. அவனுக்கு அடிக்கடி திரும்பி வரும் காய்ச்சலுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தான். "இன்னைக்குப் பர்மா வருதுண்ணே" என்று சொல்லிவிட்டுச் சட்டைக்கு மேல் சாக்கைப் போர்த்திக்கொள்வான். போர்த்திக்கொண்டே வண்டியும் ஓட்டுவான்.

சண்டையால் பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைத்தது. அதனால் குமுளியிலிருந்து கீழே வரும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு, மலைச்சரிவிலேயே உருட்டி வருவோம். அதற்கு ஊமையிறக்கம் என்று பெயர். சொட்டுப் பெட்ரோல் வீணாகக் கூடாது என்று குழாயையும் மூடிவிடுவோம். குழாய் டாங்குக்கு அடியில் இடப்பக்கம் இருந்தது. ஓட்டுகிறவன் கை எட்டாமல் இல்லை, ஆனால் வளைவில் அவன் கையை எடுக்கக் கூடாது. அதனால் பால் நிறுத்துவதும் விடுவதும் கல்லின் வேலை. மேலே மூடுவேன். கீழே லோயர்கேம்ப் நெருங்கும்போது, சரிவு தீர்வதற்கு முன்னால் திறப்பேன். அவன் கியர் போட்டு கிளட்சை விடுவான். ஓடும் வேகத்திலேயே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சரிவு தீர்ந்த பிறகு நினைத்துப் பயனில்லை. இறங்கிக் கிக்கரை உதைக்க வேண்டும்.

ஆடிச் சாரலில் ஒரு நாள், மேலே குமுளியில் இருந்த ஷெட்டில் அவனுக்குப் பர்மா வந்தது. காலையில் நடுங்கினான். வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன். மதியத்துக்கு மேல் நடுக்கம் நின்று உடம்பு கொதித்தது. மூத்திரம் காப்பித் தண்ணீர் நிறத்தில் போனது. ஷெட்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த மலையாளத்துக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இவிடெ வச்சா போயிடும். கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்றார். தோட்டத்தில் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்து தீர்ந்து நாளாகிவிட்டது. கரிப்புகையில் ஓடும் பஸ் ஒன்று உண்டு. அது அன்று வரவில்லை. மாட்டுவண்டியில் போனால் இருட்டிவிடும். அதுவரை தாங்கமாட்டான் என்று பார்த்தாலே தெரிந்தது.

வண்டி நின்றுகொண்டிருந்தது. எனக்கு அதன் எல்லாப் பெயர்களும் தெரியும். ஓட்டத் தெரியாது.

கிக்கரை உதைத்துப் பார்த்தேன். காதை இழுக்க மறந்துவிட்டேன். கழுதை எழுந்தது. கணுக்கால் முறியவில்லை, வீங்கியது. மறுபடி அந்தக் காலால் உதைக்க முடியாது. சரி, ஊமையாகவே இறக்கிவிடலாம், கீழே சரிவு தீருமுன் எஞ்சினை எழுப்பினால் போதும் என்று கணக்குப் போட்டேன். எழுப்ப முடியாமல் போனால் சமதரையில் நின்றுவிடுவோம். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.

கடைக்காரரும் நானும் அவனைச் சாக்கில் சுற்றித் தொட்டிக்குள் உட்கார வைத்தோம். அவன் கண் திறந்து, நான் சீட்டில் காலைப் போடுவதைப் பார்த்தான்.

"எறங்குண்ணே" என்றான்.

"நீ பேசாம கெட."

"சீட்டுல சேறு."

குழாயை மூடினேன். கடைக்காரர் பின்னாலிருந்து தள்ளினார். வண்டி உருளத் தொடங்கியது.

சாரல் ஊசி மாதிரி முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்துவிட்டன. பிரேக்கைப் பிடித்திருக்கிறேனா விட்டிருக்கிறேனா என்பதை வண்டி ஓடுவதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். வலப்பக்க வளைவு ஒன்று சுலபமாகக் கழிந்தது. அடுத்தது இடப்பக்கம்.

அங்கேதான் நான் தப்பு செய்தேன். இடப்பக்க வளைவைப் பார்த்ததும் என் உடம்பு தன் வேலையைச் செய்தது. கல்லாகவே இருந்து பழகிய உடம்பு. சட்டென்று இடப்பக்கம் தொங்கினேன். கையில் கைப்பிடி இருந்தது. அதுவும் என்னோடு வந்தது. வண்டி இடது ஓரத்து மண்மேட்டில் போய் உரசி, மட்கார்டு மடங்கி, பாதி மேடேறி நின்றது. சக்கரம் கெடவில்லை. அந்தப் பக்கம் மேடாக இல்லாமல் பள்ளமாக இருந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

தொட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. தெளிவாகத்தான் இருந்தது.

"கல்லண்ணே. இப்ப நீ கல்லு இல்ல. நான்தான் கல்லு."

"ஆமா."

"நீ கத்து. நான் சாயிறேன்."

காலை ஊன்றி மேட்டிலிருந்து வண்டியைப் பின்னுக்குத் தள்ளித் திருப்பினேன். கணுக்கால் வலித்திருக்க வேண்டும். நினைவில்லை.

அடுத்த இடப்பக்க வளைவில் "கல்லு" என்று கத்தினேன். எஞ்சின் ஓடவில்லை, மழைச்சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை, மெதுவாகச் சொன்னாலே கேட்டிருக்கும். ஆனாலும் கத்தினேன். சாக்கு மூட்டை இடப்பக்கம் சாய்ந்தது. தொட்டிச் சக்கரம் தரையிலேயே இருந்தது. நான் நிமிர்ந்தே உட்கார்ந்து கைப்பிடியை மட்டும் திருப்பினேன். மேலே ஏறி வந்த மாட்டுவண்டிக்காரர் ஒருவர் எங்களைக் கடைசி நேரத்தில் பார்த்து மாட்டை ஒடித்துத் திருப்பிவிட்டு, "ஏலே, சத்தம் குடுக்காம வாறியே, பேயா நீ?" என்று திட்டினார். அதன் பிறகு ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தேன்.

ஒவ்வொரு தடவையும் கத்தினேன், ஒவ்வொரு தடவையும் சாய்ந்தான். அவன் உயிரோடு இருப்பது எனக்குத் தெரிந்தது அதை வைத்துத்தான். குனிந்து பார்க்க முடியாது. சக்கரம் தரையில் இருந்தால் ஆள் இருக்கிறான்.

மலை முடியப்போகும் இடத்தில், ஒரு வளைவில் சக்கரம் கிளம்பியது. கத்தினேன். மறுபடி கத்தினேன். மூட்டை அசையவில்லை. நல்ல வேளையாக வளைவு சின்னது. வண்டி தட்டென்று தரையில் விழுந்து ஓடியது. செத்துவிட்டான் என்று நினைத்தேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. சரிவு தீரப்போகிறது, கியர் போட வேண்டும் என்பதுதான் தோன்றியது.

மூச்சு லீவரைப் பிடித்தேன். கியரைப் போட்டேன். கிளட்சை விட்டு, மூச்சையும் விட்டேன். எஞ்சின் இருமியது. பிடித்துவிட்டது என்று நினைத்த இடத்தில் அணைந்தது. மறுபடி செய்தேன். வெறும் தடதடப்பு. எதிரே பாதை படுத்துக் கிடந்தது. வேகம் நடைக்கு வந்துகொண்டிருந்தது. காதைத் தள்ளினேன், இழுத்தேன். எனக்குத் தெரிந்த பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். குழாய் நினைவுக்கே வரவில்லை. இத்தனை நாள் அதை மூடியதும் திறந்ததும் நான்தான். ஆனால் அது சீட்டில் இருப்பவன் வேலை இல்லை.

சாக்குக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. டாங்குக்கு அடியில் தடவியது. குழாயைத் திருப்பிவிட்டு, அப்படியே தொங்கியது.

கிளட்சை விட்டேன். எஞ்சின் பிடித்தது.

கூடலூரைத் தாண்டும்போது ஆட்கள் ஒதுங்கினார்கள். எங்கும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி எழுப்பத் தெரியாது. அந்தக் கை தொட்டிக்கு வெளியே ஆடிக்கொண்டே வந்தது. கம்பம் ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை நிறுத்துவது எப்படி என்று யோசித்து, கடைசியில் குழாயை மூடிவிட்டு அது தானாக அணையும் வரை காத்திருந்தேன். அதற்குள் அவனைத் தூக்கிப் போய்விட்டார்கள்.

அவன் சாகவில்லை. மழைக்காலம் முழுவதும் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நான் அதற்குள் கிக்கர் உதைக்கப் பழகி, சீட்டில் உட்கார்ந்து தபால் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். தொட்டியில் ஆட்டுரலைத் திரும்பவும் போட்டிருந்தார்கள்.

அறுவடைக்கு முன்னால் ஒரு நாள் கூடலூர் ஷெட்டுக்கு வந்தான். சட்டை கம்பில் மாட்டியது மாதிரி இருந்தது. நேராக வண்டிக்குப் போனான். நான் இறங்கி விலகி நின்றேன். காதை இழுத்து, கிக்கரில் காலை வைத்து ஏறி நின்றான். முழு உடம்பும் அதன் மேல் நின்றது. கிக்கர் இறங்கவில்லை. மூச்சை விட்டுப் பார்த்தான். இறங்கியது, ஆனால் எஞ்சினை எழுப்பும் வேகத்தில் இல்லை. திரும்பத் திரும்ப ஏறி நின்றான். முதலாளியும் அங்கேதான் இருந்தார். அவர் திட்டவில்லை. "தொட்டியில ஒக்காரட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"என்ன சொன்னாக?" என்று அவன் கேட்டான். காதில் விழுந்துதான் இருக்கும்.

"தொட்டியில ஒக்காரச் சொன்னாக."

கிக்கரிலிருந்து இறங்கினான். சீட்டைக் கையால் ஒரு தடவை துடைத்தான். சேறு ஒன்றும் இல்லை.

"அன்னைக்குப் பாலைத் தொறந்து விட்டது நீதான்" என்றேன். சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

"நான் எங்கன தொறந்தேன்? எனக்குக் குமுளியே ஞாபகமில்ல. நீயே தொறந்திருப்ப."

தொட்டிக்குள் ஏறினான். ஆட்டுரலை எடுக்கக் குனிந்தேன். தடுத்தான்.

"அது கெடக்கட்டும்ணே. நான் பத்தமாட்டேன்."

காலுக்கு நடுவே ஆட்டுரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். உதைத்தேன், எஞ்சின் பிடித்தது. குமுளிப் பாதையில் முதல் இடப்பக்க வளைவு வந்தபோது நான் கத்தவில்லை. அவன் தானாகவே சாய்ந்தான். வளைவு முடிந்து நிமிர்ந்ததும், "கத்துண்ணே. கத்துனாத்தான் வேல" என்றான்.

அடுத்த வளைவில் கத்தினேன். தை மாதம் வரை கத்தினேன். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டேன்.