வரப்பை வெட்டிய சேச்சி

மாசி மாதத்தில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு தோட்டம் கொத்துவேன் என்று கல்யாணத்தின்போது யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். நான் பிறந்த வடகரப்பதியில் இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் செருப்பில்லாமல் வாசலில் கால் வைக்க முடியாது. இங்கே மலைமேல் வண்டன்மேட்டில் காலை எட்டு மணிக்கும் பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது. சர்க்கார் கணக்கில் இரண்டும் ஒரே கேரளம்தான். அதை என் மண்வெட்டிக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இங்கே வந்தது எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம். ஊரில் எங்கள் கிணறு அடியோடு வற்றிப்போனது. என் வீட்டுக்காரருக்கு இங்கே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை கிடைத்தது. மழையும் அட்டையும் தெரியாத பாஷையுமாக ஆறு மாதம் அழுது தீர்த்தேன். மாசி பிறந்ததும், அம்மா கொடுத்தனுப்பியிருந்த காய்ந்த பீர்க்கங்காயை எடுத்து ஆட்டினேன். உள்ளே விதைகள் கலகலவென்றன.

“ஏனுங்க, எங்கூட்டுப் பீர்க்கு இந்த மண்ணுல பூ வெச்சா நானும் இருக்கறனுங்க. இல்லீனா ஊருக்கு ரெண்டு டிக்கெட்டு எடுத்துப்போடுங்க” என்றேன்.

“ரெண்டா?”

“பின்னே, நீங்களும் வரோணுமில்ல?”

“செரி” என்றார். அந்த வேலையை விட்டால் திரும்பிப் போய் எந்தக் கிணற்றில் தண்ணீர் இறைப்பது?

எங்கள் ஊர் முறைப்படியே நாலு பாத்திகளைப் பள்ளமாக இறக்கி, சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்கு வரப்பு கட்டினேன். ஊற்றுகிற தண்ணீரில் ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது. எனக்குத் தெரிந்த தோட்ட வேலை அதுதான். பங்குனி பிறந்ததும் பாத்திக்கு ஆறு விதை ஊன்றினேன். பக்கத்து வீட்டு ஏலிக்குட்டி சேச்சி வேலியோரம் நின்று பார்த்தாள். பாத்தியைக் காட்டி, உள்ளங்கையைக் கீழிருந்து மேலே உயர்த்தினாள். கொடி எவ்வளவு உயரம் போகும் என்று கேட்கிறாளாக்கும் என்று நானும் பெருமையாகத் தலைக்கு மேலே கையைத் தூக்கிக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

விதை ஊன்றிய மூன்றாம் நாள் மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஏலிக்குட்டி சேச்சி மண்வெட்டியோடு வேலியைத் தாண்டி வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் முதல் பாத்தியின் வரப்பை வெட்டினாள்.

எங்கள் பக்கத்தில் வரப்பில் கை வைப்பது விளையாட்டுக் காரியமா? ஒரு கோடையில் பெரியப்பா எங்கள் வரப்பில் ஒரு மண்வெட்டி அகலம் வெட்டித் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார். அதிலிருந்து மூன்று வருஷம் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. என் அக்கா கல்யாணத்துக்குக்கூட அவர் வரவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த என் கண்முன்னால் ஒருத்தி வரப்பை வெட்டினால் சும்மா இருப்பேனா?

“நான் உங்குளுக்கு என்ன கெடுதல் பண்ணுனேன்?” என்று கத்திக்கொண்டு மற்ற மூன்று பாத்திகளுக்கும் குறுக்கே போய் நின்றேன். அவள் வானத்தைக் காட்டி என்னவோ சொன்னாள். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

மழை நாலு நாள் விடவில்லை. விட்டதும் ஓடிப்போய்க் கிளறினேன். நான் கட்டிக் காத்த மூன்று பாத்திகளிலும் தண்ணீர் தேங்கி, பதினெட்டு விதையும் கொழகொழவென்று அழுகிக் கிடந்தன. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம்தான் முதல் பாத்தியைப் பார்த்தேன். சேச்சி வெட்டிய வாய் வழியாகத் தண்ணீரெல்லாம் வடிந்திருந்தது. அதில் நாலு முளைகள், விதைத்தோலைத் தலையில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றன.

என் புத்தியை நானே நொந்துகொண்டு அவள் அடுக்களை வாசலுக்குப் போனேன். கப்பைக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க எனக்கு மலையாளம் வரவில்லை; என் மண்வெட்டியை அவளிடம் நீட்டினேன். என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்து அணைத்துக்கொண்டாள். “ஞானும் கரஞ்ஞதா மோளே” என்றாள். அவளும் கீழே பாலா ஊர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து முதல் வருஷம் அழுதவள்தானாம். முளைத்த பாத்தியை விட்டுவிட்டு, மற்ற மூன்று பள்ளத்தையும் இருவருமாக மேடாக்கினோம். அன்று அவள் உயர்த்திக் காட்டிய கை இதைத்தான் சொல்லியிருக்கிறது.

சித்திரைக் கடைசியில் ஒரு சாயங்காலம் மஞ்சளாக ஒரு பூ விரிந்தது. ஏலக்காய் வாசத்தோடு வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் அதை வெகுநேரம் பார்த்தார்.

“டிக்கெட்டு?” என்று மெதுவாகக் கேட்டார்.

“போங்க, கை கழுவீட்டு வாங்க சாப்புட” என்றேன். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இப்போது மாசி பிறந்தால் நானே மேட்டுப்பாத்திதான் போடுகிறேன். ஆனால் கடைசியில் ஒன்றே ஒன்றை மட்டும் பள்ளமாக இறக்கி வரப்பு கட்டிவிடுவேன். ஏன் என்று என் வீட்டுக்காரர் கேட்பதில்லை. முதல் மழைக்கு ஏலிக்குட்டி சேச்சி மண்வெட்டியோடு சரியாக வந்து நிற்பாள்.

“வெட்டட்டே மோளே?”

“கொஞ்சம் இருங்க சேச்சி.”

வரப்புக்குள் ஒரு சாண் தண்ணீர் தளும்பி நிற்கும். எங்கள் ஊரில் இதற்காகத்தானே மூன்று வருஷம் பேசாமல் இருந்தோம்! இருவரும் நனைந்துகொண்டே அதைப் பார்ப்போம். பிறகு நான், “வெட்டுங்க” என்பேன்.